'எந்த சாஃப்ட்வேர்?' - கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி!

அந்த மாணவிக்குக் கல்லூரியில் கொடுத்திருந்த அவகாசம் மூன்று மாதம். இறுதியாண்டு புராஜெக்ட். எழுத்து, படம், ஒலி, வீடியோ நான்கும் இருக்க வேண்டும். பார்ப்பவர் விரலால் தொட்டுத் தொட்டு உள்ளே போகும்படியும் இருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இதற்கு 'மல்டிமீடியா ஆதரிங்' என்று பெயர். தலைப்பை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள்.

தலைப்பு தேடி அவள் அலையவில்லை. பெரியகுளத்தில் பஸ் ஏறினால் வடுகபட்டி, மேல்மங்கலம் தாண்டி வருவது ஜெயமங்கலம். அங்கே தாத்தாவின் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. தாத்தாவுக்கு 78 வயது. "அடுத்த வருசம் கொடி போடப் போறதில்லத்தா. கிள்ளுறதுக்கு ஆளு கிடைக்கல. ஏணி ஏற எனக்கும் முட்டி விடல" என்று பொங்கலுக்கே சொல்லிவிட்டார். அடுத்த வருடம் அங்கே கேமராவோடு போனால் எடுப்பதற்கு எதுவும் இருக்காது.

தலைப்பு உறுதியான அன்றே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவள் கேட்ட கேள்வி: "எந்த சாஃப்ட்வேர்ல பண்றது?"

பதில்கள் கொட்டின. சினிமா ஸ்டூடியோக்களில் பயன்படுத்தும் மென்பொருளைச் சொன்னான் ஒருவன். அதையே 'கிராக்' செய்து தருகிறேன் என்றான் இன்னொருவன். செல்போன் ஆப் ஒன்றே போதும் என்றாள் ஒரு தோழி. அவளிடம் இருந்தது, அண்ணன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசின் விலையில்லா லேப்டாப். 4 ஜிபி ரேம்.

எதை டவுன்லோடு செய்வது என்று குழம்பிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தை ஒரு விஷயம் சொன்னார். "இதே கொடிக்காலை வெச்சு நானும் ஒண்ணு பண்ணியிருக்கேன்டி. அப்பத்தா பேசுறதுகூட அதுல இருக்கு."

அப்பத்தா இறந்து 11 வருடம் ஆகிறது. அவர் குரல் வேறு எங்கும் பதிவாகி இருப்பதாக வீட்டில் யாருக்கும் தெரியாது.

அத்தையின் சிடி

அத்தை 2006-ல் மதுரையில் ஆறு மாத மல்டிமீடியா டிப்ளமோ படித்தவர். கோர்ஸ் முடிவில் ஒரு சிடி செய்து கொடுக்க வேண்டும். ஜெயமங்கலத்துக்கு வந்து படம் எடுத்து, கொடிக்காலைப் பற்றி ஒரு சிடி செய்தார். அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை. தெரிந்த கம்ப்யூட்டர் கடையில் வெளியில் மாட்டும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினாள். நல்லவேளை, சிடியில் பெரிய கீறல் இல்லை. உள்ளே இருந்த முகப்புப் பக்கத்தைத் திறந்தால், பிரவுசரில் வெள்ளையாக ஒரு கட்டம். அவ்வளவுதான்.

காரணம் ஃபிளாஷ். அன்று மல்டிமீடியா என்றாலே ஃபிளாஷ், டைரக்டர் என்ற இரண்டு பெயர்கள்தான். இரண்டும் மேக்ரோமீடியா நிறுவனத்தின் தயாரிப்புகள். 2005-ல் அந்த நிறுவனத்தை அடோபி வாங்கியது. டைரக்டர் விற்பனை 2017 பிப்ரவரியில் நின்றது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே தன்னிடம் வரும் கோப்புகளை ஓட்ட மறுத்தது. பாதுகாப்புக் குறைபாடுகள் அதில் அடிக்கடி வந்துகொண்டிருந்தன. போன்களிலும் அது காலூன்றவில்லை. அதன் வேலையை பிரவுசர்களே நேரடியாகச் செய்யத் தொடங்கிவிட்டன. நிறுத்தியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால், அதை நம்பிச் செய்த கோடிக்கணக்கான வேலைகளுக்குக் கதவு ஒரே நாளில் மூடிவிட்டது.

"மூல ஃபைல் எங்கே அத்தை?" என்று கேட்டாள்.

"அந்த கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டாச்சே" என்றார் அத்தை. பிறகு சற்று நேரம் கழித்து, "அப்ப அதுதான்டி பெருசு. எல்லாரும் அதைத்தான் படிச்சோம்" என்றார்.

22 நொடிகள்

மூடிய கதவுக்கு ஒரு மாற்றுச் சாவி இருந்தது. 'ரஃபிள்' என்றொரு கட்டற்ற மென்பொருள், பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய பிரவுசரில் ஓடவைக்கிறது. இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரில் தன்னிடமிருந்த பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளுக்கும் அனிமேஷன்களுக்கும் உயிர் கொடுத்தது இதை வைத்துத்தான்.

இரவு பதினொரு மணிக்கு அத்தையின் சிடி ஓடியது. பச்சை நிற பட்டன்கள், குதித்துக்கொண்டு வரும் எழுத்துகள். மூன்றாவது பட்டனை அழுத்தியதும் அப்பத்தா வெற்றிலை எண்ண ஆரம்பித்தார். "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது அந்தக் காலத்து வழக்கம். கவுளி அடுக்கும் வேகத்தில் எண்ணிக்கொண்டே போகிறார். 22 நொடிகள்.

குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. ஃபிளாஷில் ஒலியை ஏற்றிவிட்டு செட்டிங்கை மாற்றாமல் விட்டால், சிறிய கோப்பாக வரட்டும் என்று அதுவே 16 கேபிபிஎஸ் அளவுக்கு ஒலியை நசுக்கிவிடும். இன்று பாட்டு கேட்கும் ஆப்களின் தரத்தைவிட மிகவும் குறைவு. அன்றைக்கு அதை மாற்ற வேண்டும் என்று அத்தைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூலப் பதிவு இருந்திருந்தால் பிரச்னையே இல்லை. அது இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

ஃபிளாஷ் கோப்பைப் பிரித்து ஒலியைத் தனியே எடுக்கும் இலவசக் கருவி ஒன்றால் அந்த 22 நொடிகளைப் பிரித்தெடுத்து அத்தைக்கு அனுப்பினாள். அத்தை பதில் எதுவும் அனுப்பவில்லை. மறுநாள் காலை போனில் அழைத்தார். "இன்னொரு தடவை அனுப்புடி, எங்கேயோ அழிச்சுட்டேன்போல" என்றார். அழித்திருக்கவில்லை. இன்னொரு பிரதி கையில் இருக்கட்டும் என்றுதான் கேட்டார்.

அன்றைக்கு அவளுடைய கேள்வி மாறியது. எந்த சாஃப்ட்வேர் என்பது கடைசிக்குப் போனது. அதற்கு முன் ஐந்து கேள்விகள் வந்து உட்கார்ந்தன.

1. யார், எதில் பார்க்கப்போகிறார்கள்?

மதிப்பெண் போடும் ஆசிரியர் கம்ப்யூட்டரில் பார்ப்பார். மற்ற எல்லோரும் போனில்தான். அதிலும் தாத்தாவின் போனில் பாதி நேரம் நெட் இருக்காது. எனவே இணையம் இல்லாமலும், தனியாக எந்த ஆப்பும் ஏற்றாமலும் திறக்க வேண்டும். எல்லா போன்களிலும் இருக்கும் ஒரே பொதுவான கருவி பிரவுசர். ஆகவே முடிவுப் பொருள் ஹெச்டிஎம்எல் பக்கமாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தாள். கருவியின் பெயர் இன்னும் வரவில்லை. ஆனால், பட்டியலில் இருந்த பாதிக் கருவிகள் இந்த ஒரு கேள்வியிலேயே கழன்றுவிட்டன.

2. இருக்கும் கம்ப்யூட்டர் தாங்குமா?

தொழில்முறை வீடியோ மென்பொருள்கள் பலவும் 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு என்று கேட்கின்றன. 4 ஜிபியில் அவை திறக்கும், ஆனால் நகராது. இதற்கு ஒரு வழி உண்டு. 'கேடென்லைவ்' போன்ற கட்டற்ற எடிட்டர்களில் 'ப்ராக்ஸி' என்றொரு வசதி இருக்கிறது. பெரிய வீடியோவுக்குச் சிறிய நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் வெட்டி ஒட்டச் சொல்லும். இறுதியில் வீடியோவை உருவாக்கும்போது மூலத்தையே பயன்படுத்தும். பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது பெரிய வரம்.

போனில் எடுக்கும் வீடியோவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிச்சத்துக்கும் போனின் சூட்டுக்கும் ஏற்ப, நொடிக்கு எத்தனை படம் என்பதை போன் கூட்டிக் குறைக்கும். நீளமான பேட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக உதடும் ஒலியும் விலகும். எடிட் செய்வதற்கு முன்பே 'ஹேண்ட்பிரேக்' போன்ற இலவசக் கருவியில் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் தலைவலி இல்லை.

3. தமிழ் ஒழுங்காக வருமா?

இதற்கு அவள் கண்டுபிடித்த சோதனை எளிமையானது. எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் நான்கு சொற்களைத் தட்டினாள்: ஜெயமங்கலம், பெரியகுளம், வெற்றிலை, கொடிக்கால்.

நான்கிலும் கொம்பு இருக்கிறது. யூனிகோடில் 'கொ' என்று எழுதும்போது கணினி முதலில் 'க' என்பதைத்தான் சேமிக்கிறது. கொம்பை எடுத்து இடது பக்கம் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு வலது பக்கம் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும். சிலவற்றில் செட்டிங்கில் உலக மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். சிலவற்றில் எது செய்தாலும் சரியாகாது. சொந்த ஊர்ப் பெயரையே எழுதத் தெரியாத மென்பொருளை நம்பி மூன்று மாதம் உழைப்பதில் அர்த்தமில்லை.

எழுத்துருவிலும் இதே கவனம் வேண்டும். அத்தையின் சிடியில் இருந்த ஒரு வேர்டு ஃபைல், இவள் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு போட்டுக்கொண்ட வேஷம்தான் தமிழ். அது இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருப்பதால் அந்தப் பக்கங்களை மீட்டுவிட்டாள். இனி யூனிகோடு மட்டுமே என்று முடிவு செய்தாள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

4. இது என்னுடையதா?

கொடிக்கால் காட்சிக்கு இளையராஜா பாட்டு வைத்தால் எடுபடும். பண்ணைப்புரமும் இதே தேனி மாவட்டம்தான், ஊர்ப் பாசமும் சேரும். ஆனால், பாட்டுக்கு உரிமையாளர்கள் உண்டு. இந்தியச் சட்டப்படி எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கும் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். யூடியூபில் ஏற்றினால் பாட்டை அதன் தானியங்கி முறை கண்டுபிடித்துவிடும்.

பாட்டைக் கைவிட்டதும் ஒரு நன்மை நடந்தது. கொடிக்காலின் சொந்தச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. கால்வாயில் தண்ணீர் ஓடுவது, காம்போடு இலையைக் கிள்ளும்போது வரும் சின்ன 'டக்', ஏணியை அகத்தியில் சாய்க்கும் சத்தம். இவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

தாத்தாவிடம் மட்டும் கேட்டாள். "இதை ஊர் உலகமே பார்க்கும் தாத்தா, பரவாயில்லையா?" தாத்தா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "செருப்புக் காலோட உள்ள வராத. அதைப் படத்துலயும் சொல்லு."

5. இதிலிருந்து வெளியே வரும் வழி எது?

அத்தையின் சிடி கற்றுக்கொடுத்த கேள்வி இதுதான். ஒரு மென்பொருளுக்குள் போவது எளிது. அது நின்றுபோனால், விலை ஏறினால், தடை வந்தால் நம் பொருளோடு வெளியே வர முடியுமா?

தடை என்பது நம் ஊரிலேயே நடந்த விஷயம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 ஆப்களைத் தடை செய்தது. டிக்டாக் மட்டுமல்ல, வீடியோ எடிட் செய்யும் விவாவீடியோவும் ஆவணங்களை ஸ்கேன் செய்யும் கேம்ஸ்கேனரும் அந்தப் பட்டியலில் இருந்தன. வீடியோக்களை ஆப்புக்குள் மட்டுமே வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். கேலரியில் நகல் வைத்திருந்தவர்கள் அடுத்த ஆப்புக்கு மாறிக்கொண்டார்கள்.

சந்தா கட்டும் மென்பொருளைத் தவறு என்று ஒதுக்கவும் முடியாது. ஸ்டூடியோவில் வேலைக்குப் போகிறவர் அங்கே பயன்படுத்துவதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால், சந்தா நின்ற பிறகும் நம் கையில் என்ன மிஞ்சும் என்பதைச் சேரும்போதே பார்த்துவிட வேண்டும். 'கிராக்' கதை இதைவிட மோசம். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அதோடு எந்த வைரஸ் ஏறி வருகிறது என்று கொடுத்தவனுக்கே தெரியாது.

கடைசியில் வந்த விடை

இந்த ஐந்தையும் தாண்டிய பிறகு, எந்த சாஃப்ட்வேர் என்ற கேள்விக்கு அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிட்டது. ஒலிக்கு ஆடாசிட்டி. வீடியோவுக்கு கேடென்லைவ். கொடிக்காலின் வரைபடம் வரைய இங்க்ஸ்கேப். அந்த வரைபடத்தில் தொட்டால் குரலும் படமும் வரும்படி இணைக்க ஹெச்5பி. அதை நெட் இல்லாமல் லேப்டாப்பிலேயே செய்ய 'லூமி' என்ற செயலி இருக்கிறது. செய்து முடித்ததை ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாகவும் கொடுத்துவிடும். ஹெச்5பி கோப்பின் பெயரில் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், நாம் வைத்த படமும் ஒலியும் அப்படியே உள்ளே இருக்கும். வெளியே வரும் வழி திறந்தே இருக்கிறது. எல்லாமே இலவசம்.

மிச்ச நேரம் முழுக்கக் கொடிக்காலில் கழிந்தது. தாத்தாவின் குரலைக் காற்று அடங்கியிருக்கும் விடிகாலையில், சட்டை மடிப்பில் செருகிய ஹெட்போன் மைக்கில் பதிவு செய்தாள். போனின் ரெக்கார்டரை 'வேவ்' வடிவத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஒற்றைத் தடப் பதிவு என்றால் நிமிடத்துக்கு 5 எம்பி ஆகும். 40 நிமிடப் பேச்சுக்கு 200 எம்பி. இன்றைய மெமரி கார்டில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அந்த 40 நிமிடத்தில் அகத்தி விதைப்பது, அது வளர்ந்த பிறகு கொடியை அணைத்து நாரால் கட்டுவது, உயரப் போன கொடியை இறக்கித் திரும்பக் கட்டுவது என்று ஒவ்வொன்றாகத் தாத்தா சொல்கிறார். நடுவில் அப்பத்தாவின் 22 நொடிகளைப் போட்டுக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ எண்ணினா ஒரு எலை கூடவும் போகாது, குறையவும் செய்யாது" என்றார். அதுவும் பதிவாகி இருக்கிறது.

900 ஆண்டும் 15 ஆண்டும்

இது ஒரு வீட்டுக் கதை. ஒரு நாட்டுக்கே இது நடந்திருக்கிறது. இங்கிலாந்து மன்னர் வில்லியம் சொன்னபடி, 1086-ல் அந்நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே புக்' என்ற பதிவேடு உருவானது. அதன் 900-வது ஆண்டையொட்டி 1986-ல் பிபிசி புதிய டூம்ஸ்டே ஒன்றைத் தயாரித்தது. நாடு முழுக்கப் பள்ளிக் குழந்தைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். எழுத்து, படம், வரைபடம், வீடியோ எல்லாம் சேர்ந்த அந்தக் காலத்தின் மாபெரும் மல்டிமீடியா வேலை அது. அதைத் தனி வகை லேசர் வட்டுகளில் பதித்தார்கள். அவற்றைப் படிக்கத் தனிக் கருவியும் தனிக் கணினியும் வேண்டும்.

15 ஆண்டுகளில் அந்தக் கருவிகள் அரிதாகிப்போயின. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப்போலவே நடிக்கும் மென்பொருளை எழுதித்தான் வட்டுகளை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. 1086-ன் பதிவேடு லண்டன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் படிக்கும் நிலையில் இருக்கிறது.

நமக்கும் இது புதிதல்ல. ஓலைச் சுவடி செல்லரிக்கும் என்று நம் முன்னோருக்குத் தெரியும். அதனால்தான் பழைய ஏடு உதிர்வதற்குள் புது ஏட்டில் படி எடுத்தார்கள். படி எடுக்காத நூல்கள் போய்விட்டன. ஓலைக்குப் பதில் இப்போது ஃபைல் வந்திருக்கிறது. படி எடுக்கும் வேலை மட்டும் மாறவில்லை.

உங்கள் வீட்டிலும் செய்யலாம்

உங்கள் போனிலும் இப்படி ஒரு குரல் இருக்கலாம். இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பதிவு செய்யலாம். புராஜெக்டோ, யூடியூப் சேனலோ எதுவும் தேவையில்லை. நான்கு விஷயங்கள் போதும்.

* எடிட் செய்வதற்கு முன்பே மூலப் பதிவைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். அதை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

* வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் மூலம் அப்படியே போகும்.

* போனில் ஒன்று, பென்டிரைவ் அல்லது ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒன்று. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், புதிய வட்டுக்கு மாற்றுங்கள்.

* கூடவே யூனிகோடு தமிழில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். பேசுவது யார், எந்த ஊர், எந்தத் தேதி, எதைப் பற்றிப் பேசுகிறார். நான்கு வரி.

அந்த நான்கு வரியை இன்றைக்கே எழுதிவிடுங்கள். இது யார் குரல் என்று அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே.